பின் டயருக்கு ஐம்பத்தைந்து

வண்டிச் சாவியை அப்பா சட்டைப் பையில் போட்டு, பையின் வாயில் ஓர் ஊக்கும் குத்தி வைத்திருந்தார். குளிக்கப் போனால் சட்டையும் கூடவே போனது. பெற்ற மகள் திருடிக்கொண்டு ஓடிவிடுவாளாம். அதுவும் யாருடைய வண்டியை? அவள் புருஷன் ஆசை ஆசையாக வாங்கி, அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவளே ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த வண்டியை. இதற்குப் பெயர் அக்கறை என்றால் பிடுங்குவதற்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.

பெரியவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு. வெட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் கத்தி விழுந்த சத்தத்தைக் கேட்டு, அடுப்படியில் நின்ற அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான், விபத்து நடந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே அந்தச் சத்தத்தோடுதான் நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் தொழில் இப்படி. பெரியவளின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர். டிரெய்லர் மேல் தம்பியின் பள்ளம் தோண்டும் மெஷின், சின்னதுதான், ஆனால் சங்கிலிச் சக்கரமும் இரும்புக் கையுமாக நல்ல கனம். குழாய் பதிக்க, அஸ்திவாரம் தோண்ட என்று எங்கே கூப்பிட்டாலும் மூன்று பேர் போவார்கள். அவள் இழுப்பாள், தம்பி தோண்டுவான், அப்பா பேசுவார். அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். பேச்சில் முதல் கியர், இரண்டாம் கியர் என்பதே கிடையாது, எடுத்ததும் உச்சம். அதனால் தெருவில் அவருக்கு ‘டாப் கியர்’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த டாப் கியர்தான் ஒரு வாரமாகப் பஞ்சர்க் கடையில் உட்கார்ந்து, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பொம்பளப் பிள்ளை, விவரம் போதாது, டயரில் காற்றை அளவுக்கு மேல் அடித்துவிட்டாள், சரிவில் இறங்கும்போது வெடித்துவிட்டது, பையன் கை போச்சு, மெஷின் போச்சு, இனிமேல் வண்டியை ஆம்பளை ஒருத்தன் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். இங்கே ஊர் வாயைத் திறந்துவிட்டதே சொந்த அப்பன்தான்.

நடந்தது இதுதான். அன்று காலை வெயில் ஏறுவதற்கு முன்பே பெரியவள் டயர்களுக்குக் காற்று பார்த்தாள். வெறும் வண்டியாக ஓடும்போது பின் டயருக்கு நாற்பது பவுண்டு போதும். டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிவிட்டால் அதன் மூக்கின் பாரம் வந்து வண்டியின் பின்னச்சில் உட்காரும், அப்போது நாற்பது போதாது. அவள் வண்டியில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் இடுக்கில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். முழுச் சுமைக்கு அதில் போட்டிருப்பது முன்னால் முப்பத்தைந்து, பின்னால் ஐம்பத்தைந்து. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பெரிய எண் வேறு, அது அந்த டயர் தாங்கும் எல்லை, அவ்வளவுதான். இதையெல்லாம் பார்க்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது, சக்கரம் உருள்வதற்கு முன்னால். ஓட ஓடச் சூடேறும், சூடேற ஏறக் காற்றும் தானாக ஏறும், அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் அந்த எண்ணையே போட்டிருக்கிறார்கள். புருஷன் சொல்லிக் கொடுத்தது பாதி, அவளே பட்டுத் தெரிந்துகொண்டது மீதி. பின்னால் இரண்டுக்கும் ஐம்பத்தைந்து வைத்தாள். வண்டியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் கையோடு ஐம்பத்தைந்து வைத்தாள். டிரெய்லர் டயர்களையும் பார்த்தாள்.

அப்பா பக்கத்தில் நின்று வழக்கம்போல டயரைக் காலால் எட்டி உதைத்துப் பார்த்தார். கல்லு மாதிரி இருக்கே என்றார். தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள். தாள் ஒட்டினவனா வண்டி ஓட்டுகிறான் என்று கேட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

நடு மத்தியானம், ரோடு கொதித்துக் கிடந்தது. மரநிழலில் வண்டியை ஓரங்கட்டி, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டார்கள். மறுபடி கிளம்பியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு மாதிரி அலைந்தது. பஞ்சு மெத்தை மேல் உட்கார்ந்து ஓட்டுவது போல ஒரு தொளதொளப்பு. பின்னால் என்னவோ ஆடுது என்றாள். ரோடு அப்படி, பேசாமல் ஓட்டு என்றார் அப்பா. வயசான ஆள், எத்தனையோ ரோட்டைப் பார்த்தவர் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. சரிவில் இறங்கும்போது பின்னால் இடது டயர் வெடித்தது. டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிந்து, வண்டியையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் போனது. அவள் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததால் வண்டி கவிழாமல் பள்ளத்தோரம் உரசி நின்றது. டிரெய்லர் கவிழ்ந்து மெஷின் குப்புற விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டிருந்த தம்பிக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது.

அன்று சாயங்காலமே ஸ்டெப்னியை மாட்டி, கண் சரியாகத் தெரியாத அப்பாவே வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிவந்து வீட்டோரத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். அவள் தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்தபோது சாவி பைக்குள் போய், ஊக்கும் ஏறியிருந்தது.

இன்று காலை குளித்துவிட்டு வந்த அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே, சுருட்டை என்று ஒரு டிரைவரைப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல பையன், பஞ்சர்க் கடைக்கு வருகிறான், கையோடு வண்டியைக் காட்டிவிடலாம் என்றார். கறி வாங்கிவரப் போகிறேன் என்பது போலச் சொன்னார்.

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“சாவியக் குடுங்க.”

“எதுக்கு?”

“என் வண்டி. எதுக்குன்னு உங்களுக்குச் சொல்லணுமா?”

அப்பாகிட்ட பேசுற பேச்சா இது என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “அப்பா ஊர் முழுக்கப் பேசின பேச்சுக்கு இது கம்மிதாம்மா” என்றாள் பெரியவள்.

கூடத்தில் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி, காலையிலயேவா என்று முனகினான். அவன் யார் பக்கமும் பேசவில்லை. வலி அவனை ஒரு பக்கமும் சாயவிடவில்லை.

அப்பாவுக்கு ஏறிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஊர்ல பேசினேன்னா என்ன பொய்யா பேசினேன்? கல்லு மாதிரி அடிச்சு வச்சிருந்தே. சாப்பிடுற எடத்துல தொட்டுப் பாத்தேன், கைய வைக்க முடியல, அப்படிச் சுடுது. நான் மட்டும் அன்னைக்கி ஒவ்வொண்ணுலயும் காத்த இறக்கி விடலேன்னு வையி, நாலும் வெடிச்சிருக்கும். ஒண்ணோட போச்சேன்னு கும்பிடணும் நீ.”

குழம்பு மட்டும் கொதித்தது.

“என்ன சொன்னீங்க?” என்றாள் பெரியவள். “திருப்பிச் சொல்லுங்க.”

அவர் சந்தோஷமாகவே திருப்பிச் சொன்னார். ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அவர் கணக்கில் அது அவர் செய்த உபகாரம். அவள் கை கழுவப் போயிருந்தாளாம். தம்பி மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தானாம். ஒரு தீக்குச்சியை எடுத்து வால்வை அமுக்கி, டயரின் வயிறு லேசாகப் பிதுங்கும் வரை புஸ் புஸ்ஸென்று விட்டாராம். லாரிக்காரர்கள் எல்லாரும் வெயில் காலத்தில் இப்படித்தான் செய்வார்களாம்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ விட்டிருப்பியா? தாள்ல போட்டிருக்கும்பே.”

ஒரு வாரமாக அவள் தன்னையே போட்டுத் துருவிக்கொண்டிருந்தாள். மீட்டர் தப்போ, ஒரு டயரை மறந்துவிட்டோமோ, ஐம்பத்தைந்து என்று நினைத்து அறுபத்தைந்து வைத்துவிட்டோமோ என்று. தம்பிக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்க்காமலே ஊட்டினாள். எல்லாம் இந்த மனுஷனின் ஒரு தீக்குச்சிக்காக. அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான், அசல் கோபம்.

“காத்து ஜாஸ்தியா இருந்து வெடிக்கலப்பா. நீங்க இறக்குனதாலதான் வெடிச்சுது. சூட்டுல ஏறுன காத்த இறக்குனா, மிச்சம் இருக்குறது அந்தச் சுமைக்குப் பத்தாது. பத்தலேன்னா டயரு மடங்கி மடங்கி ஓடும். இன்னும் சூடாகும். சூடாகித்தான் கிழியும்.”

“யாரு சொன்னா?”

“வாங்க. டயரே சொல்லும்.”

அவளுடைய கைப்பைக்குள் எப்போதும் காற்று பார்க்கும் மீட்டர் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். அப்பா பின்னாலேயே வந்தார், சவாலை விட்டுக் கொடுத்துப் பழக்கமில்லாத ஆள். தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்தான். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள்.

வண்டி ஒரு வாரமாக அசையாமல் நின்றதால் டயர்கள் சில்லென்று இருந்தன. பெரியவள் முதலில் பின்னால் வலது டயருக்குப் போனாள். அன்றைக்கு வெடிக்காமல் தப்பித்த டயர். மூடியைத் திருகி எடுத்து மீட்டரை வைத்தாள். பார்த்துவிட்டு அப்பா முகத்துக்கு நேரே நீட்டினாள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று தெரிந்தே நீட்டினாள். “டேய், நீ வந்து படி” என்றாள் தம்பியிடம்.

“முப்பத்தெட்டு” என்றான் தம்பி.

“நான் வச்சது அம்பத்தஞ்சு.”

“ஒரு வாரமா நிக்குது. கசிஞ்சிருக்கும்” என்றார் அப்பா.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது? பெரியவள் வண்டியைச் சுற்றி இடது பக்கம் போனாள். அங்கே மாட்டியிருந்தது ஸ்டெப்னி. அன்று காலை அதே கையால், அதே மீட்டரைப் பார்த்து அவள் காற்றடித்த டயர். மத்தியானம் வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்ததால் அப்பாவின் தீக்குச்சிக்கு எட்டாமல் போன டயர். மீட்டரை வைத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

தம்பி உடனே படிக்கவில்லை. இரண்டாம் தடவையும் பார்த்தான்.

“அம்பத்தி நாலு.”

முன் டயர்களையும் அவள் விடவில்லை. முப்பத்தைந்து வைத்தவை இரண்டும் இருபத்தேழில் நின்றன. தம்பி ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தான், படிக்கப் படிக்க அவன் குரல் கெட்டிப்பட்டது. கடைசியில் அப்பாவைப் பார்த்துக் கேட்டான்.

“நீங்க தொட்ட டயரு மட்டும் பாத்துப் பாத்துக் கசியுமாப்பா?”

அப்பா டயரைக் காலால் உதைக்கப் போனார். பழக்கம். பாதியில் காலை இறக்கிக்கொண்டார். வலது டயரின் பக்கத்தில் ரப்பர் வெளுத்து வளையம் வளையமாகக் கீறல் விட்டிருந்ததைப் பெரியவள் விரலால் காட்டினாள். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் இதுவும் போயிருக்கும் என்றாள். அவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். கண் சரியில்லாவிட்டாலும் விரலுக்கு ரப்பர் தெரியும். ரொம்ப நேரம் தடவினார்.

“சரி, விடு. நடந்தது நடந்து போச்சு. உன் மேலயும் தப்பு, என் மேலயும் தப்புன்னு வச்சுக்குவோம்.”

“என் மேல என்ன தப்பு?”

அவர் வால்வு மூடியை எடுத்துத் திருகப் போனார்.

“சொல்லுங்க. என் மேல என்ன தப்பு? பாதிப் பாதியாப் பிரிச்சுக்க இது என்ன பொட்டலமா? ஒரு வாரம் உக்காந்து என் பேர நாறடிச்சீங்கல்ல, இப்ப வந்து அதே எடத்துல, அதே ஆளுங்ககிட்ட சொல்லுங்க. காத்த இறக்குனது நான்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் அந்தச் சுருட்டைக்குச் சாவி குடுக்குறதா இருந்தா என்னையக் கொன்னுட்டுக் குடுங்க.”

அம்மா அவளை அடக்குவாள் என்று அப்பா எதிர்பார்த்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “போயிட்டு வாங்க, சோறு ஆகட்டும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பஞ்சர்க் கடை தெருமுனையில், கூப்பிடு தூரம். வழியெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். கடையில் காற்றடிக்கும் மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். பழைய டயர்களை அடுக்கி ஆசனமாக்கி, வழக்கமான நாலைந்து பேர் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். புது டிரைவர் சுருட்டையும் தலை சீவி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பெரியவளைக் கண்டதும் பேச்சு நின்றது. எதைப் பற்றிய பேச்சு என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

வாங்க டாப் கியர், பையன் கை எப்படி இருக்கு என்று கேட்டார் கடைக்காரர்.

அப்பா நின்றார். தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் முதல் முறையாக முதல் கியரில் கிளம்பினார்.

“அன்னைக்கி... நான் ஒண்ணு சொன்னேன்ல. பெரியவ காத்து ஜாஸ்தி அடிச்சுட்டான்னு. அது அப்படி இல்ல. அவ சரியாத்தான் வச்சிருந்தா. மத்தியானம் சூடா இருந்துச்சுன்னு நான்தான் எல்லா டயர்லயும் இறக்கி விட்டேன்.”

சொல்லிவிட்டார். பெரியவள் மூச்சை விட்டாள். ஆனால் கூட்டத்தில் ஒருவனுக்கும் ஒன்றும் தைக்கவில்லை. கடைக்காரர் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தபடியே தலையாட்டினார்.

“பின்ன? சூடா இருந்தா இறக்கத்தான செய்யணும். நல்ல வேளை நீங்க இறக்குனீங்க. இல்லேன்னா நாலும் வெடிச்சிருக்கும்.”

ஆமாமா என்றார்கள் டயர் மேல் உட்கார்ந்திருந்தவர்கள். அனுபவம்னா அனுபவம்தான் என்றார் ஒருவர். சுருட்டை முன்னால் வந்து, தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதுதான் சமயம் என்று நினைத்தானோ என்னவோ, “நானும் மத்தியானம் நிறுத்துனா மொதல் வேலையா அதத்தாங்க செய்வேன். நீங்க ஒண்ணும் சொல்லவே வேணாம்” என்றான்.

குற்றவாளி வந்து நான்தான் செய்தேன் என்கிறான், கோர்ட்டு எழுந்து நின்று மாலை போடுகிறது. இந்தத் தெருவில் எவனிடம் போய் நியாயம் கேட்பது? அவள் அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன், எல்லாரும் நான் செய்தது சரி என்கிறார்கள், வா போகலாம் என்று சொன்னால் தீர்ந்தது. அவர் முகத்தில் அந்த ஆசை வந்து போனதையும் அவள் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது, வந்தது.

“நாலும் வெடிச்சிருக்குமா?” என்றார் அப்பா மெதுவாக. அது அவருடைய சொந்த வாக்கியம். வேறொருவன் வாயிலிருந்து வரும்போதுதான் அதன் நாற்றம் அவருக்கு எட்டியது போலும்.

“பின்ன இல்லையா?” என்றார் கடைக்காரர்.

“மயிரு வெடிக்கும்.”

மெஷின் ஒன்றுதான் தடதடத்தது. டீ குடித்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள்.

“இறக்கி விட்ட டயரு முப்பத்தெட்டுல செத்துக் கெடக்கு. நான் தொடாத டயரு அம்பத்தி நாலுல கல்லு மாதிரி நிக்குது. இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். எம்பையன் கையி ஒடஞ்சு உக்காந்திருக்கான். சரின்னு சொல்றீங்களே, அந்தக் கைய யாருடா ஒட்டுவீங்க? நீ ஒட்டுவியா? ஒரு வாரமா பொய்யி பேசுனேன், எவனாச்சும் ஒருத்தன், ஒரே ஒருத்தன், இல்ல பெரியவரே, அந்தப் புள்ள அப்படிச் செய்யாதுன்னு சொன்னீங்களா? குடிச்ச டீக்கு உச்சுக் கொட்டுனீங்க.”

கடைசி வரியில் நியாயம் கம்மி, டீ அவர் வாங்கிக் கொடுத்தது இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சுட்டிக்காட்ட ஒருவரும் துணியவில்லை. அப்பா சட்டைப் பையில் கையை வைத்தார். ஊக்கு கழலவில்லை. அவசரத்தில் விரலில் குத்திக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பையைக் கிழிக்காத குறையாகச் சாவியைப் பிடுங்கி மகளிடம் நீட்டினார்.

“போயி வண்டிய எடுத்துட்டு வா.”

அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி என்றோ பரவாயில்லை என்றோ அவள் சொல்லவில்லை. தன் சாவியைத் தனக்குத் தந்ததற்கு நன்றி வேறா? சுருட்டை தேய்த்த சட்டையோடு நின்றுகொண்டே இருந்தான். வீட்டுக்குப் போய் வண்டியைக் கிளப்பி, நடை வேகத்தில், டயர் சூடு காணாமல் ஓட்டி வந்து கடை வாசலில் நிறுத்தினாள். தம்பி முன் சீட்டில் ஏறி வந்திருந்தான். கட்டுப் போட்ட கையை ஜன்னலுக்கு உள்ளேயே வைத்திருந்தான்.

வலது பின் டயரைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும் என்று பெரியவள் சொன்னாள். கடைக்காரர் கழற்றினார், வேறு டயர் மாட்டினார். காற்றுக் குழாயை அவர் எடுக்கப் போனபோது அப்பா வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். முழங்கால் முட்டி நொறநொறக்கச் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குழாயை வால்வில் வைத்தவர் அமுக்கவில்லை. தலையைத் தூக்கி, தெருவே கேட்கும்படி, மகளிடம் கேட்டார்.

“பின்னாடி எத்தன வைக்கணும்?”

இத்தனை வருஷத்தில் வண்டி விஷயத்தில் தெரிந்துகொள்வதற்காக அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்கு மனசு இளகவில்லை. தம்பியின் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“அம்பத்தஞ்சு” என்றாள். “அன்னைக்கும் அதேதான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு காற்றடிக்கத் தொடங்கினார்.